முங்குவதா, தேடுவதா: வாசகர் முடிவெடுக்கும் கதையை எழுதும் முறை

வாசகரே முடிவெடுக்கும் கதையை எழுத விரும்புவோர் முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். நாவலில் ஒருவர் தவறு செய்தால் நமக்கு இரக்கமோ கோபமோ வருகிறது. காணொளி விளையாட்டில் அதே தவறை நம் விரலே செய்திருந்தால் குற்ற உணர்வு வருகிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசார் 1963இல் வெளியிட்ட ‘ரயுவேலா’ நாவலில் 155 அத்தியாயங்கள் உள்ளன. 56 வரை வரிசையாக வாசித்து நிறுத்தலாம், அல்லது 73இல் தொடங்கித் தாவித் தாவி வாசிக்கலாம். வாசகர் அங்கே வரிசையைத்தான் மாற்றுகிறார். நடந்தவற்றுக்கு அவர் பொறுப்பாவதில்லை. அந்தப் பொறுப்பை அவர் தோளில் ஏற்றுவதே நம் வேலை.

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி நான் எழுதிய கதையையே எடுத்துக்கொள்கிறேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறாள் ஒருத்தி. பை பாதிதான் நிரம்பியிருக்கிறது. நீரோட்டம் மாறத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் முங்கிய மதினியின் தலை இன்னும் மேலே தெரியவில்லை. முதல் வரைவில் ‘முங்கு’, ‘தேடு’ என்று இரு தெரிவுகளை வைத்திருந்தேன். கைப்பேசியில் வாசித்த என் சித்தி, “யாருப்பா என்னைய ஏவுறது?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி: ஏவல் வினையில் எழுதினால் பொறுப்பு ஏவியவரிடம் போய்விடுகிறது. ‘இன்னொரு தரம் முங்குகிறேன்’, ‘மதினியைத் தேடுகிறேன்’ என்று தன்மையில் மாற்றினேன். தமிழில் வினைமுற்றே செய்தவரைக் காட்டிக்கொடுப்பதால் ‘நான்’ என்று எழுதவும் தேவையில்லை.

தெரிவு வருவதற்கு முன்பே, மதினி வழக்கமாக எவ்வளவு நேரம் மூச்சடக்குவாள், அன்றைய பாசியை நம்பி எந்தக் கடன் காத்திருக்கிறது என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். ஒன்றும் தெரியாமல் எடுத்த முடிவுக்காக யாரும் வருந்துவதில்லை.

பத்து இடங்களில் இரண்டிரண்டு தெரிவுகள் வைத்து எதையும் இணைக்காமல் விட்டால் 1,024 முடிவுகளை எழுத வேண்டியிருக்கும். எனவே கிளைகளைக் கரையில், பாசியை எடைபோடும் இடத்தில் ஒன்றுசேருங்கள். ஆனால் வாசகர் எடுத்த முடிவைக் கதை நினைவு வைத்திருக்கட்டும். கிளைக்கதை எழுத உதவும், உலாவியிலேயே இலவசமாக இயங்கும் ட்வைன் மென்பொருளில் ஒரு மாறி, அதாவது தெரிவைக் குறித்துவைக்கும் ஒரு பெயர், இதற்குப் போதும். தேடாமல் முங்கியவளிடம் மதினி, தராசைப் பார்த்தபடியே, “பை நிறைஞ்சிருச்சா?” என்று மட்டும் கேட்கிறாள்.

எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள வழிவிடும், திரையில் பின்செல்லும் அம்புக்குறியை நீக்கிவிட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து அருகில் பேசாமல் அமருங்கள். தெரிவுக்கு வந்ததும் அவர் விரல் தயங்காமல் அழுத்தினால், அதற்கு முந்தைய பத்தியைத் திருத்தி எழுதுங்கள்.