பனாவே ஊராட்சியின் விபரத்திரட்டை எழுதும் முறை

பிலிப்பைன்ஸின் மலைநாட்டு ஊராட்சி ஒன்றைப் பற்றி எழுத முனையும் திருகோணமலை மாணவர், முதலில் அதன் ஆட்சி அடுக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இஃபுகாவோ மாகாணத்துப் பனாவே 18 பரங்காய்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பரங்காயை நமது கிராம உத்தியோகத்தர் பிரிவோடு ஒப்பிடலாம். ஆயினும் நமது உத்தியோகத்தர் அரசால் நியமிக்கப்படுபவர், பரங்காய்த் தலைவரோ மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதை அதே பந்தியில் எழுதிவிடுங்கள்.

சனத்தொகையை அண்மைய குடிசனக் கணக்கெடுப்பிலிருந்து ஆண்டோடு குறித்தால் போதும்.

அதிக இடம் வயலுக்கே உரியது. தம்பலகாமத்து வயல்கள் கந்தளாய்க் குளத்து நீரை நம்பியிருக்க, பனாவேயின் படிவயல்களுக்கு, அவற்றின் மேலே குடும்பங்கள் பேணிவரும் ‘முயோங்’ காடுகளே நீரைக் காத்துக் கொடுக்கின்றன. ஆகவே காடு, வாய்க்கால், வயல் ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரிக்காமல் ஒருசேர விளக்குங்கள். நாம் பெரும்போகம், சிறுபோகம் என இருமுறை விதைக்க, அங்குள்ள ‘தினாவொன்’ மரபு நெல் ஆண்டுக்கு ஒருமுறையே விளைகிறது. என் கருத்தில், ஊரின் வருமானத்தையும் உழைப்பையும் பற்றிய பகுதி இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

யுனெஸ்கோ 1995 இல் உலக மரபுரிமையாக அறிவித்த ஐந்து வயல்தொகுதிகளுள் பட்டாட், பங்கான் ஆகிய இரண்டே பனாவேக்குள் அடங்குகின்றன. மற்றவை அயல் ஊராட்சிகளைச் சேர்ந்தவை. இஃபுகாவோவின் படிவயல்கள் 2000 ஆண்டு பழைமையானவை என்ற பரவலான கூற்றை முடிந்த முடிவாக எழுதாதீர்கள். அதே மாகாணத்திலுள்ள பழைய கியாங்கான் குடியிருப்பில் நடந்த அகழாய்வு, அங்கு நீர்ப்பாய்ச்சல் நெற்செய்கை ஸ்பானியர் வருகைக்குப் பின்னரே வேரூன்றியதாகக் காட்டுவதால், இரு கருத்துகளையும் அருகருகே தாருங்கள்.