பசவண்ணரின் ஒரு வசனத்தைத் தமிழ்க் காதால் வாசிப்பது எப்படி

கன்னடச் சிவனடியார் பசவண்ணரின் பிறந்த நாளான பசவ ஜயந்தியும் அட்சய திருதியையும் ஒரே நாள். அன்று சென்னையில் வாசிப்புக் கூட்டம் வைப்பதாக இருந்தால் தி. நகர் பக்கம் வேண்டாம். நகைக்கடைக் கூட்டத்தில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். வெயில் ஏறுமுன், காலை ஏழு மணிக்கு ஒரு மொட்டை மாடி போதும். பத்துப் பேர், ஒரு மணி நேரம், ஒரே ஒரு வசனம். நான்கைந்து எடுத்தால் எல்லாமே அறிவுரைபோல ஒலித்து, ஒன்றும் மனத்தில் தங்காது.

வசனம் என்றதும் சினிமா நினைவுக்கு வரும். இது 12ஆம் நூற்றாண்டுச் சிவசரணர்கள், அதாவது சிவனடியார்கள், பேச்சுக் கன்னடத்தில் சொன்னது. யாப்புக் கட்டு கிடையாது. அதனால் முதல் வாசிப்பில் தாளம் போடாதீர்கள். பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள்:

உள்ளவரு சிவாலய மாடுவரு
நானேன மாடுவெ படவனய்யா
என்ன காலே கம்ப, தேஹவே தேகுல
சிர ஹொன்ன களசவய்யா
கூடலசங்கமதேவா கேளய்யா
ஸ்தாவரக்களிவுண்டு ஜங்கமக்களிவில்ல

மூன்று முறை உரக்க வாசித்த பிறகே பொருளுக்குப் போங்கள். பாதி வரி தானே புரிந்துவிடும். தடுக்கி விழுவதும் அந்தப் பரிச்சயத்தால்தான். 'உள்ளவரு' என்றால் வசதி உள்ளவர்கள். 'மாடு' என்றால் செய். 'படவ' என்றால் ஏழை; முதலெழுத்தை 'பசவ' என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஹொன்ன' நம் பொன்தான். பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிட்டது, பால் 'ஹாலு' ஆனதுபோல. மிக மோசமாகச் சறுக்குவது கடைசி வரி. 'களிவு' என்று பிரித்துக் களிப்பு என்பார்கள். ஸ்தாவரக்கெ + அளிவு + உண்டு என்று பிரியுங்கள். நம் ழகரம் அங்கே ளகரம்: அளிவு என்றால் அழிவு. ஸ்தாவரம் என்றால் அசையாமல் நிற்பது.

'கூடல்' மதுரை அல்ல. கிருஷ்ணையும் மலப்பிரபையும் கூடும் கூடலசங்கமத்து இறைவன் பெயர் அது. பசவண்ணர் தம் வசனங்களில் கையெழுத்துபோல வைக்கும் முத்திரையும் அதுவே. மொழிபெயர்க்கும்போது 'சிவனே' என்று மாற்றினால் கையெழுத்தை அழித்ததாகும். மற்றச் சரணர்களுக்கும் தனித்தனி முத்திரை உண்டு: சென்னமல்லிகார்ஜுனா என்று வந்தால் அக்கமகாதேவி, குஹேஸ்வரா என்றால் அல்லமபிரபு.

இனி ஆளுக்கொரு தமிழ் வடிவம் எழுதட்டும், பதினைந்து நிமிடம். 'தேஹவே தேகுல' என்பதை 'உடலே கோயில்' என்றால் பொருள் வரும், ஓசை போய்விடும். 'தேகமே தேவாலயம்' கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் இன்றைய காதுக்கு மாதா கோயில் நினைவு வரும். 'ஜங்கம'த்தை அப்படியே விடுவது நல்லது. அசைவது என்ற பொருளோடு, ஊர் ஊராகத் திரியும் சிவனடியாரையும் அது குறிக்கும். 'அசைவது' என்று மட்டும் எழுதினால் அந்த மனிதர் காணாமல் போவார்.

வாழ்க்கைக் கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்னால் வசனம் அதற்கு உதாரணமாகச் சுருங்கிவிடும். கல்யாண நகரத்தில் பிஜ்ஜள மன்னனிடம் பண்டாரியாக, அதாவது கருவூல அதிகாரியாக, இருந்தவர் பசவண்ணர் என்றதும் யாராவது கேட்பார்கள்: அவர் எப்படி ஏழை? அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். 'உள்ளவரு' என்ற முதல் சொல்லுக்குத் திரும்பி, கருவூலச் சாவி வைத்திருந்தவர் தன்னை எந்தப் பக்கம் நிறுத்துகிறார் என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.