தூண்டில் முடிச்சு: நரம்பின் நுனியைப் பாருங்கள்

தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேருமிடத்தில், ஒரே மாலையில் இரண்டு கொடுவா மீன்களைத் தவறவிட்டேன். இரண்டு முறையும் நரம்பு (தூண்டிலின் நைலான் இழை) அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரயுமன்துறைப் பெரியவர் நுனியை வாங்கிப் பார்த்தார். அது பன்றிவால் போலச் சுருண்டிருந்தது. "இது அறுந்ததல்ல மக்கா, முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது" என்றார். பாறையில் உரசி அறுந்திருந்தால் நுனி சொரசொரப்பாக இருக்கும். முள் பறிபோனால் முதலில் இதைப் பாருங்கள்.

தொடங்குபவர்களுக்கு ஒரே முடிச்சு போதும். என் தேர்வு பாலோமர். எத்தனை சுற்று என்று எண்ண வேண்டியதில்லை. மங்கிய வெளிச்சத்திலும் விரலே வழி சொல்லும்.

நரம்பை 15 செ.மீ. அளவுக்கு இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் (தலையிலுள்ள துளைக்குள்) விடுங்கள். அந்த இரட்டை நரம்பாலேயே சாதாரண முடிச்சு ஒன்று போடுங்கள். இறுக்க வேண்டாம். முள் கீழே தொங்கட்டும். இப்போது மடிப்பு வளையத்தை விரித்து, முழு முள்ளையும் அதற்குள் நுழைத்து எடுங்கள்.

நான் தவறியது இதற்கு அடுத்த இடத்தில். வளையம் முள்ளின் தண்டிலேயே தங்கியிருக்க, கவனிக்காமல் இழுத்துவிட்டேன். வளையம் கண்ணைத் தாண்டி மேலே ஏறி உட்கார வேண்டும். இரட்டை நரம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஏறியிருந்தால், இறுக்கும்போது ஒன்று மற்றொன்றை வெட்டும். சந்தேகம் வந்தால் அவிழ்க்காதீர்கள், வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

இறுக்குவதற்கு முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். காய்ந்த நைலான் உரசினால் சூடேறும். சூடு பட்ட இடத்தில் வலு போய்விடும். பிறகு தலைநரம்பையும் (தூண்டிலிலிருந்து வரும் நீள நரம்பு) மிச்ச நுனியையும் சேர்த்துப் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுக்கவே கூடாது.

மிச்ச நுனியை 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நகவெட்டிதான் நல்லது. பல்லால் கடிக்காதீர்கள், முள் உதட்டருகே வருகிறது. தீக்குச்சியால் நுனியைச் சுடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முடிச்சும் சேர்ந்து சூடாகும்.

கடைசியாக, முள்ளைப் படகுக் கயிற்றில் மாட்டி, நரம்பைத் துண்டுத் துணியில் சுற்றிக்கொண்டு பலமாக இழுத்துப் பாருங்கள். வெறும் விரலில் சுற்றினால் தோல் கிழியும். உருவுவதாக இருந்தால் இங்கேயே உருவட்டும்.

பின்சேர்க்கை: கடையில் வாங்கிய முள்ளில் கண்ணே இல்லை, என்ன செய்வது என்று கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தலை தட்டையாக இருக்கும் அந்த முள்ளுக்குப் பாலோமர் உதவாது. நரம்பை மடித்து, மடிப்பு முள்ளின் வளைவுப் பக்கம் பார்க்கும்படி தண்டோடு படுக்க வையுங்கள். தலைப்பக்கத்திலிருந்து தொடங்கி, நுனியால் தண்டையும் நரம்பையும் சேர்த்து 7 சுற்று நெருக்கமாகச் சுற்றி, நுனியை மடிப்புக்குள் விடுங்கள். நனைத்துத் தலைநரம்பை இழுத்தால் மடிப்பு நுனியைக் கவ்விக்கொள்ளும். நரம்பு தட்டையின் உட்பக்கமாக, அதாவது முள்முனை இருக்கும் பக்கமாக வெளியே வரவேண்டும். வெளிப்பக்கமாக வந்தால் தட்டையின் விளிம்பே அதை அறுத்துவிடும்.