மன அழுத்தம் அளக்கும் வெப் ஆப்: கடைசித் திரையை முதலில் எழுதுங்கள்

மன அழுத்தத்தை அளந்து ஓர் எண்ணைக் காட்டும் வெப் ஆப் செய்வது சுலபம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பட்டன், கடைசியில் ஒரு கூட்டல். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தவருக்கு ஒரு வார இறுதி போதும். சிரமமெல்லாம் அதற்கப்புறம்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து துரைப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற ஒருவருக்குத் திரையில் '29' என்று வருகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இதற்குப் பதில் இல்லாத ஆப் அவர் பாரத்தைக் கூட்டத்தான் செய்யும். அதனால் முடிவுத் திரையை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள் என்கிறேன்.

நான் பெருங்குடியில் ஃபிரண்ட் எண்ட், அதாவது வெப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் வேலை பார்க்கிறேன். அக்கா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறாள். இந்த ஆப்பை அவளுக்கும் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கும் என்றுதான் ஆரம்பித்தேன். லேப்டாப் முன்னால் உட்காராதவர்கள், ஆண்ட்ராய்டு போன், டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்கள். கீழே சொல்வதெல்லாம் அவர்களை மனதில் வைத்துத்தான்.

முடிவுத் திரை

ஒரு தாளை எடுத்து, எண்ணுக்குக் கீழே என்ன வரும் என்று எழுதுங்கள். என் திரையில் மூன்று உண்டு: இப்போதே செய்யக்கூடிய ஒன்று, நாளைக்குச் செய்யக்கூடிய ஒன்று, பேசுவதற்கு ஒரு போன் எண். சிவப்பு நிறம் கிடையாது. 'தீவிரம்', 'ஆபத்து' போன்ற சொற்களும் கிடையாது. 'கடந்த ஒரு மாதமாக உங்களுக்குப் பாரம் அதிகம் என்று உங்கள் பதில்கள் காட்டுகின்றன. இது நோய்க்கான பரிசோதனை இல்லை' என்ற இரண்டு வரிதான்.

போன் எண் எல்லாத் திரையிலும் இருக்க வேண்டும். மதிப்பெண் உயர்ந்தால் மட்டும் காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. இந்த வகைக் கேள்வித்தாள்கள் தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதில்லை, எனவே குறைந்த எண் வாங்கியவரும் அந்த நேரத்தில் மிக மோசமான நிலையில் இருக்கலாம். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 இருக்கிறது. சென்னையிலேயே 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா இருக்கிறது. எண்ணைத் தொட்டதும் டயல் ஆகிற மாதிரி லிங்க்காகப் போடுங்கள். அந்த மனநிலையில் யாரும் காப்பி, பேஸ்ட் செய்யப் போவதில்லை.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 தாளின் ஒன்பதாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. 'அதையும் சேர்த்துவிடலாமே' என்று தோன்றும். 'ஆமாம்' என்று ஒருவர் தட்டியவுடன் மறுமுனையில் பேச ஆள் வைத்திருந்தால் சேருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

எந்த அளவுகோல்

நீங்களாகக் கேள்வி எழுதாதீர்கள். ஷெல்டன் கோஹனும் வேறு இருவரும் சேர்ந்து 1983-இல் வெளியிட்ட பிஎஸ்எஸ் (ஒருவர் தானே உணரும் மன அழுத்தத்தை அளப்பது) அளவுகோல்தான் உலகம் முழுக்க அதிகம் பயன்படுகிறது. அதன் பத்துக் கேள்வி வடிவம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. இதில் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் நல்லவிதமாகக் கேட்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கி, அதாவது 4-இலிருந்து கழித்து, கூட்ட வேண்டும். புரோகிராம் எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் 0 தட்டினால் 16 வர வேண்டும். எல்லாவற்றுக்கும் 4 தட்டினால் 24. எல்லாவற்றுக்கும் 2 என்றால் 20. முதல் சோதனையில் 0 வந்தால் தலைகீழாக்கும் வரி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

13 வரை குறைவு, 26 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று ஒரு பிரிப்பு எங்கும் புழங்குகிறது. அது நோயைக் கண்டறியும் எல்லைக்கோடு கிடையாது. அந்த அளவுகோலே நோயறிதலுக்காகச் செய்யப்பட்டதில்லை. எந்த வாசகத்தைக் காட்டுவது என்று முடிவு செய்ய மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தேர்வு, மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ்-21. அது கடந்த ஒரு வாரத்தைக் கேட்கும். 21 கேள்விகளில் ஏழு மன அழுத்தத்துக்கானவை, 0 முதல் 3 வரை தட்டச் சொல்லி, கூட்டியதை இரண்டால் பெருக்க வேண்டும். எதை எடுத்தாலும், ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவத்தைத் தேடி, வரி மாற்றாமல் போடுங்கள். அதை வைத்துக் காசு வாங்கப் போகிறீர்கள் என்றால் அனுமதி நிபந்தனைகளையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

ஒரு மாதத்தைப் பற்றிய கேள்வியைத் தினமும் கேட்பதில் பொருள் இல்லை. அதனால் முழுத் தாள் மாதம் ஒரு தடவை, தினசரிக்கு ஒரே ஒரு கேள்வி: இன்று எப்படி? கூடவே, எதனால் என்று தட்ட ஒரு சின்னப் பட்டியல். என் முதல் பட்டியலில் தூக்கம், டிராஃபிக், மேலாளர், கடன் தவணை, பிள்ளைகளின் பரீட்சை, மாமியார் வீடு எல்லாம் இருந்தன. அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் கேக்கிறே, நின்னுக்கிட்டே இருக்கிறதைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே" என்றாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தமே கொண்டுவந்தார்கள். அவ்வளவு பேரின் வலி அது. 'நின்றே வேலை' என்று சேர்த்தேன். பயனர் தானே ஒரு காரணத்தை எழுதிக்கொள்ள ஒரு பெட்டியும் வைத்தேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நமக்கு மற்றவர்களின் நாள் தெரியாது. அந்தப் பெட்டி கட்டாயம் வேண்டும்.

சில வாரம் கழித்து, எந்தக் காரணங்கள் மோசமான நாட்களோடு சேர்ந்து வருகின்றன என்று காட்டலாம். 'சேர்ந்து வருகிறது' என்றே எழுதுங்கள். 'இதனால்தான்' என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.

பதில்கள் போனை விட்டு வெளியே போகக் கூடாது

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 'இது எங்க ஹெச்ஆருக்குப் போகுமா?' என்பதுதான் ஐடி அலுவலகங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் யாரிடம் காட்டினாலும் வரும் முதல் கேள்வி. 'போகாது' என்று வாயால் சொன்னால் போதாது, போக வழியே இல்லாதபடி கட்ட வேண்டும். லாகின் வேண்டாம், சர்வரில் டேட்டாபேஸ் வேண்டாம். பதில்களை பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடமான இண்டெக்ஸ்டு டிபியில் வையுங்கள். அனலிட்டிக்ஸ், விளம்பர ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். எழுத்துருவைக் கூட வெளியிலிருந்து இழுக்காமல் உங்கள் தளத்திலேயே வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐபோனில் சஃபாரி பிரவுசரைப் பயன்படுத்தும் நாட்களில் ஏழு நாள் ஒரு தளத்தைத் தொடாமலே இருந்தால், அந்தத் தளம் சேமித்ததை சஃபாரி அழித்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த ஆப்புக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே 'ஹோம் ஸ்கிரீனில் சேர்' என்பதை எப்படிச் செய்வது என்று படத்தோடு காட்டுங்கள். பதிவுகளை ஒரு ஃபைலாக இறக்கிக்கொள்ளவும் வழி வையுங்கள். பல வீடுகளில் ஒரே போனை இரண்டு மூன்று பேர் எடுப்பார்கள். 'எல்லாவற்றையும் அழி' பட்டன் முதல் பக்கத்திலேயே கண்ணில் படட்டும்.

சர்வர் வேண்டியே தீரும் என்ற நிலை வந்தால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். எதற்காகச் சேகரிக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும்.

திரையில் தமிழ்

தமிழ்ச் சொற்கள் நீளம். ஐந்து பட்டனைப் பக்கவாட்டில் அடுக்கினால் சின்ன போனில் எழுத்து உடைந்துவிடும். மேலிருந்து கீழாக அடுக்குங்கள், பட்டனுக்கு நிலையான அகலம் வைக்காதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு நன்றாக இருக்கிறது. வரி இடைவெளியை 1.6 அளவுக்கு விடுங்கள், இல்லாவிட்டால் கொக்கிகளும் சுழிகளும் மேல் வரியை இடிக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறித்தால்தான், பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் ஒழுங்காகப் படிக்கும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி. தட்டியவுடன் அடுத்ததற்குத் தாவ வேண்டாம், ஓடும் பஸ்ஸில் விரல் தவறும். 'அடுத்து', 'முந்தையது' இரண்டும் இருக்கட்டும்.

மூச்சுப் பயிற்சி

'இப்போதே செய்யக்கூடியது' என்ற இடத்தில் நான் வைத்திருப்பது இதுதான். நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. ஒரு சுற்று பத்து விநாடி, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளை நான் சேர்க்கவில்லை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது சிரமமாகலாம். 'தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள்' என்று முதலிலேயே எழுதுங்கள். விரிந்து சுருங்கும் வட்டத்தை சிஎஸ்எஸ் அனிமேஷனிலேயே செய்யலாம். போனில் அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டிருப்பவர்களுக்கு வட்டத்தை நிறுத்திவிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள். நேரத்தை ஒவ்வொரு விநாடியாகக் கூட்டிக்கொண்டு போகாமல், தொடங்கிய நேரத்திலிருந்து கழித்துக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் திரை மாறிவிட்டு வரும்போது தாளம் தப்பும். ஆண்ட்ராய்டு குரோமில் மெல்லிய அதிர்வும் கொடுக்கலாம். ஐபோன் சஃபாரியில் அது நடக்காது. அக்கா போனைப் பையில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் எதிரிலேயே அந்த அதிர்வை வைத்து மூச்சு விடுகிறாள்.

மூச்சால் தீராத பாரம் நிறைய உண்டு. கூடுதல் வேலைக்குச் சம்பளம் வராதது மூச்சுப் பயிற்சியால் சரியாகாது. அதற்காகத்தான் 'நாளைக்கு' என்ற பகுதி. பிரச்சினையை ஒரு வரியில் எழுதச் சொல்லி, அதில் தன் கையில் இருக்கும் சின்ன விஷயம் ஒன்றையும், யாரிடம் பேசலாம் என்பதையும் கேளுங்கள். அவ்வளவு போதும்.

தொடர்ந்து இத்தனை நாள் வந்தீர்கள் என்ற கணக்கு, 'உங்களைக் காணோமே' நோட்டிஃபிகேஷன் இரண்டையும் தவிருங்கள். ஏற்கெனவே ஆயிரம் பேருக்குப் பதில் சொல்கிறவர் உங்கள் ஆப்புக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

பக்கங்களை போனிலேயே சேமித்துவைக்கும் சர்வீஸ் ஒர்க்கர் போட்டு, நெட் இல்லாமலும் எல்லாம் ஓடும்படி செய்யுங்கள். வெளியிடும் முன் ஓர் உளவியல் ஆலோசகரையோ மனநல சமூகப் பணியாளரையோ முடிவுத் திரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கச் சொல்லுங்கள். நேரில் மருத்துவரைப் பார்க்க விரும்புவோருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் பெயரும் அங்கே இருக்கட்டும். வெளியிட்ட பிறகு மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்துவைத்து, ஆப்பில் உள்ள ஒவ்வொரு போன் எண்ணும் இன்னும் செயல்பாட்டில் இருக்கிறதா என்று அந்தந்த அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். மாறியிருந்தால் அன்றைக்கே திருத்துங்கள். சர்வீஸ் ஒர்க்கர் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்காதபடி, அதன் வெர்ஷன் எண்ணையும் கையோடு மாற்றிவிடுங்கள்.