வெளிர் நிறம் இரண்டில் எது? அவசரப்படாதீர்கள்

ஹட்டன் பக்கம் இருபது வருஷமாகப் பெயின்ட் அடிக்கிறேன். அடர்ந்த நிறம் கேட்பவர்களுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே மாதிரி வெளிர் நிறம் இரண்டைக் காட்டி எது நல்லது என்று கேட்பவர்களைத்தான் இரண்டு நாள் பொறுக்கச் சொல்வேன்.

போன மாசம் கொட்டகலையில் ஒரு டீச்சர் அக்கா இரண்டு ஷேட் கார்டு துண்டு காட்டினார். இரண்டும் பாலாடை நிறம். கடை டியூப்லைட்டில் வித்தியாசமே தெரியவில்லையாம். வெள்ளைக் கடதாசியில் இரண்டையும் வைத்தேன். ஒன்றில் ரோசா, மற்றதில் பச்சை ஓடியது. சுத்த வெள்ளை பக்கத்தில் இருந்தால்தான் சாயல் பிடிபடும். கார்டில் எல்.ஆர்.வி. எண் இருந்தால் அதையும் பாருங்கள். 0 கறுப்பு, 100 வெள்ளை. ஆனால் அது வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித் தரும் என்றுதான் சொல்லும், சாயலைச் சொல்லாது.

அப்புறம் சின்ன டின் இரண்டு வாங்கி, இரண்டடி ஹார்ட்போர்டில் பிரைமர் மேல் இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாக இருக்கட்டும். சுவரிலேயே அடித்தால் பக்கத்திலிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். எமல்ஷன் பெயின்ட் காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் கருக்கும். நம்ம குளிருக்கு ஒரு நாளாவது விடுங்கள்.

காய்ந்த பலகைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, காலை, மதியம், ராத்திரி என்று பார்க்க வேண்டும். அக்கா வீட்டில் காலைப் பனிமூட்டத்தில் இரண்டுமே வெளுத்துக் கிடந்தன. பத்து மணிக்கு வெயில் வந்ததும், ஜன்னலுக்கு வெளியே தேயிலையில் பட்ட வெளிச்சம் உள்ளே விழுந்து, பச்சைச் சாயல் பலகை பாசி பிடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. ரோசா பலகையின் அடிப்பக்கம் சிவப்பு சீமெந்துத் தரையால் சிவந்தது.

அக்கா அந்த அறையில் இருப்பது சாயங்காலம், கொப்பி திருத்தும்போதுதான். அதனால் ராத்திரிப் பார்வைதான் முக்கியம். 6500 கெல்வின் வெள்ளை பல்பில் ரோசா அடங்கி அமைதியாக நின்றது. 2700 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டதும் பழுத்துவிட்டது. ரோசாவையே எடுத்தோம், பல்பை மாற்றக் கூடாது என்று சொல்லி.

சுவரில் ஈரம் ஊறினால் நிறத்தை ஒத்திவைத்து முதலில் அதைச் சரி செய்யுங்கள். வாங்கும்போது எல்லா வாளியிலும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்தது என்று காட்டும் எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.