வீட்டு பிளான்ல வெயில் நிழல் பாக்கிறது எப்பிடி (எங்கட மட்டக்களப்பு வெயிலுக்கு)

யூடியூப்ல இதுக்கு வீடியோ குவிஞ்சு கிடக்கு, ஆனா முக்கால்வாசி வெளிநாட்டு ஆக்கள் போட்டது, தெற்குச் சுவர மட்டும் பாத்துட்டு முடிச்சிருவாங்க. எங்களுக்கு அது சரிவராது. மட்டக்களப்பு 7.7 பாகை வடக்குல இரிக்கிறதால ஏப்ரல் 9, 10 அளவுல மத்தியானச் சூரியன் நேர உச்சிக்கு வந்து அப்பிடியே வடக்குப் பக்கம் போயிரும், திரும்பி வாறது செப்டம்பர் தொடக்கத்துல. கச்சான் காத்தடிச்சு வீடு கொதிக்கிறதும் அந்த இடைக்குள்ளதான். அக்காட வீட்டு பிளானுக்கு இத பாத்துக் குடுத்தன், அந்த முறைதான் கீழ இரிக்கு.

1. சொப்ட்வெயார்: ஸ்வீட் ஹோம் 3டி. சும்மாவே கிடைக்கும், பழைய லெப்டொப்லயும் ஓடும். ஸ்கெச்அப்ல நிழல் உடனுக்குடன் நகர்றது பாக்க வடிவுதான், ஆனா பிரவுசர்ல ஓடுற இலவசத்துக்கு நெட் நல்லா இரிக்கோணும், எனக்கு அது ஒத்துவராது.

2. பிளான போட்டோ புடிச்சு பின்னணியா போட்டு, ஒரு சுவர்ர நீளத்தக் குடுத்து அளவ சரியாக்கி, மேலால சுவர வரைங்க. யன்னல், கதவு வைங்க.

3. வடக்கு. எல்லாருக்கும் சறுக்கிற இடம் இதுதான். கடல் இரிக்கிற பக்கம் கிழக்கு எண்டு நாங்க பேசிப் பழகிட்டம், ஆனா எங்கட கரை நேர வடக்குத் தெற்கா ஓடல்ல, சரிஞ்சு கிடக்கு, மட்டக்களப்புல இருந்து கல்முனைக்கு கோடு இழுத்துப் பாத்தாலே 20 பாகைக்கு மேல சரிவு தெரியும். அதால கடலுக்கு நேர போற ஒழுங்கைய கிழக்கு எண்டு வச்சா வெயில் முழுக்க பிழையான சுவர்ல விழும். போன் கொம்பஸையும் நம்பாதீங்க, பக்கத்துல கம்பி இரிந்தா முள் கிறுகும். கூகிள் மெப்ல செட்டலைட் படத்த வடக்கு மேல இரிக்கிற மாதிரி வச்சிட்டு உங்கட வளவு மதில் எத்தின பாகை சரிவு எண்டு பாருங்க. அந்தப் பாகைய பிளான்ல இரிக்கிற கொம்பஸ டபுள் கிளிக் பண்ணி நோத் இடத்துல போடுங்க, அதுலயே அகலக்கோடு 7.7, நெடுங்கோடு 81.7, நேரவலயம் கொழும்பு. அக்கரைப்பத்து ஆக்கள் 7.2, 81.85 போடுங்க. தானா வந்து நிக்கிற இலக்கத்த அப்பிடியே விடாதீங்க.

4. 3டி பார்வையில நிழல் தெரியாது, தேடாதீங்க. கிரியேட் போட்டோவுக்குப் போய் தரத்த மேல் ரெண்டு நிலையில ஒண்டுல வச்சாத்தான் திகதி, நேரம் கேக்கும். படத்த சின்னனா வைங்க, இல்லாட்டி தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் முடிஞ்சிரிக்காது.

5. முதல்ல ஜூன் 21 பகல் 12.05 போட்டுப் பாருங்க. 3 அடித் தடி ஒண்ட முத்தத்துல நட்டா நிழல் 10 அங்குலம், தெற்கால விழும். படத்துல வடக்கால விழுந்தா 3க்குப் போய் வடக்கத் திருத்துங்க.

பிறகு மார்ச் 21 பின்னேரம் 4 மணி. சன்சேட்டுக்கு 2 அடி அகலத்துல ஒரு பொக்ஸ யன்னலுக்கு மேல வைங்க. மேற்குச் சுவர்ல அதுட நிழல் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் இறங்கும். அதே 2 அடி ஜூன் மத்தியானம் வடக்குச் சுவர்ல 7 அடி வரைக்கும் மறைக்கும். மேசன் பாஸ் நாலு பக்கமும் ஒரே சன்சேட் போடுவம் எண்டா இந்த ரெண்டு படத்தையும் காட்டுங்க. மேற்குக்கு விறாந்தைய இறக்குங்க, இல்ல வேம்ப வைங்க. டிசம்பர் படத்துக்கு மினக்கெடாதீங்க, மழைக்காலம்.

பின்சேர்க்கை: அறைக்குள்ள முழுக்க வெயில் எண்டு ரெண்டு பேர் எழுதியிரிக்காங்க. சுவர மட்டும் நிப்பாட்டினா வெயில் மேலால இறங்கும்தானே. மெல்லிசா ஒரு பெரிய பொக்ஸ கூரையா வைங்க, தாவாரம் எவ்வளவு நீட்டோ அவ்வளவுக்கு வெளிய நீட்டுங்க. பக்கத்து வளவுல மாடி இரிந்தா அதையும் ஒரு பொக்ஸா வச்சிருங்க, தென்னைக்கெல்லாம் ஓலை தேடி அலைய வேணாம்.