மலைக் குளிரில் டிவிடி டிரைவ் டிஸ்க்கைப் படிக்கவில்லையா?

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் லேப்டாப் டிவிடி டிரைவ் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படிக்காமல் நின்றால், உடனே புது டிரைவ் வாங்காதீர்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டு, டிரேயைத் திறந்தபடியே லேப்டாப்பை ஆஃப் செய்து, அறைச் சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆஃப் ஆன பிறகு டிரே திறக்காது. முன்பக்க ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைக் குத்த வேண்டியிருக்கும்.

வெளிக்குளிரில் கிடந்த லேப்டாப் கதகதப்பான அறைக்குள் வந்ததும், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி டிரைவின் லென்ஸில் ஈரம் படியும். லேசர் சிதறி, டிஸ்க்கில் ஃபோகஸ் பிடிக்காது. ஹேர் டிரையர் வேண்டாம், லென்ஸ் பிளாஸ்டிக். வாயாலும் ஊதாதீர்கள், இன்னும் ஈரம்தான் சேரும்.

காய்ந்த பிறகும் படிக்காவிட்டால், காட்டன் பட்டில் ஒரே ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, டிரேயிலேயே சின்ன நீலக் கண் போலத் தெரியும் அந்த லென்ஸை மெல்லத் தொட்டுத் துடையுங்கள். மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. ஈரப்பதத்தில் பூசணம் பூத்த பழைய டிஸ்க் என்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்து விழும் கீறலைத்தான் டிரைவால் சரிக்கட்ட முடியாது.

சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் ஈரத்தைக் குறை சொல்ல முடியாது. சிடிக்கு 780, டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று லேசர் வேறு வேறு. டிவிடி லேசர் மட்டும் தளர்ந்திருக்கலாம், அப்படியானால் டிரைவை மாற்றத்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் டிரைவின் பெயரே காட்டாவிட்டால் கனெக்டரையோ டிரைவர் மென்பொருளையோ பாருங்கள்.